கணினிக்கு வந்த காய்ச்சல்

கடந்த நவம்பர் 18-ஆம் தேதி இரவு எட்டரை மணி இருக்கும். பக்கத்துத் தெருவில் வசிக்கும் இளம்பெண் ஒருவர், தன் மடிக்கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு திருப்பூரில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். துண்டைப் பிரித்து அடிப்பகுதியைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமே ஆன தோசைக்கல்லைப் போல் இருந்தது. "கால் மணி நேரத்துக்கு ஒருக்கா தானா ஆஃப் ஆயிருதுங்க சார். நாளான்னிக்கு இருபதாம் தேதிங்க" என்றார்.

இருபதாம் தேதி என்பதன் பொருளை வணிகர்கள் அறிவார்கள். மாதந்தோறும் சரக்கு - சேவை வரிக் கணக்கைத் தாக்கல் செய்வோர் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை அன்றைக்குள் செலுத்தியாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இந்தப் பெண் வணிகவியல் பட்டதாரி. நான்கைந்து தையல் மிஷின்களை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறு பனியன் பட்டறைகள் சிலவற்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதித் தருகிறார். அந்த மடிக்கணினிதான் அவருடைய அலுவலகம். 2018-இல் கல்லூரியில் சேர்ந்தபோது, கட்டிங் மாஸ்டரான தந்தை வாங்கிக் கொடுத்தது.

அன்று மாலைதான் அதை ஒரு கடையில் காட்டியிருக்கிறார். மேசையில் வைத்து இயக்கிப் பார்த்துவிட்டு, "பழைய மாடல், புது விண்டோஸைத் தாங்காது. போர்டும் வீக் ஆயிருச்சு. புதுசு பார்த்துக்குங்க" என்று சொல்லி, 42,000 ரூபாய்க்கு ஒரு மாதிரியையும் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தொகை அவருடைய நான்கு மாத வருமானத்துக்குச் சமம். கல்லூரியில் 31 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கணினி பழுதுபார்ப்பவன் அல்லன். ஆனால், வெப்பம் எனக்குப் பழைய பாடம். அந்த ஒரே தைரியத்தில், "இங்கேயே வச்சுட்டுப் போ அம்மணி, பாக்கலாம்" என்றேன்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. கணினி சூடானது புதிய இயங்குதளம் ஏறிய பிறகுதான். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக் கொண்டது. வரிக் கணக்கும் வங்கிக் கடவுச்சொற்களும் புழங்கும் கணினியைப் பாதுகாப்புத் திருத்தமின்றி வைத்திருப்பது, பூட்டு பழுதான வீட்டில் நகையை வைத்திருப்பதற்கு ஒப்பு. எனவே, ஊரே வெறிச்சோடிக் கிடந்த தீபாவளி விடுமுறையில் அவர் விண்டோஸ் 11-க்கு மாறியிருக்கிறார். அந்த முடிவில் நான் ஒரு பிழையும் காணவில்லை.

அவருடைய கணினி மயிரிழையில் தகுதி பெற்ற ஒன்று என்பதையும் சொல்ல வேண்டும். இன்டெல் சில்லுகளைப் பொறுத்தவரை, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்கிறது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். அவருடையது 2017-இல் சந்தைக்கு வந்த ஐ5-8250யு என்னும் எட்டாம் தலைமுறைச் சில்லு. ஓராண்டு முன்னதாக வாங்கியிருந்தால் அனேகமாக வாயிலிலேயே நிறுத்தப்பட்டிருக்கும்.

அன்றிரவு எனக்கு முதலில் தோன்றியது, பழைய இயங்குதளத்துக்கே திரும்பிவிடலாம் என்பதுதான். அந்த வசதி உண்டு. ஆனால், மாறிய பத்து நாள்களுக்குள் திரும்ப வேண்டும். அது முடிந்து இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். யோசித்தபோது, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி எழுந்தது: வெப்பம் உண்டாவது கூடியிருக்கிறதா, அல்லது வெளியேறுவது குறைந்திருக்கிறதா?

ஒரு கணினிச் சில்லு உறிஞ்சும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகத்தான் மாறுகிறது. விசைப்பொறியைப் போல் அது எதையும் தூக்குவதில்லை, நகர்த்துவதில்லை. மேற்சொன்ன சில்லு நீடித்த வேலையில் 15 வாட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. 15 வாட் என்பது நம் கூடத்தில் எரியும் எல்இடி விளக்கின் அளவுதான். ஆனால், அவ்வளவு வெப்பமும் விரல் நகமளவுப் பரப்பிலிருந்து கிளம்புகிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் சில நொடிகளில் வெப்பநிலை எகிறிவிடும். அதன் உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அந்த வரம்பை நெருங்கும்போது சில்லு தற்காப்புக்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்கிறது. அப்போதும் சூடு அடங்காவிட்டால் கணினியே அணைந்துபோகிறது.

இந்தத் தற்காப்பைப் பலரும் அறியாததால்தான் ஒரு பெரிய குழப்பம் நேர்கிறது. கணினி மெதுவாகிவிட்டது என்றால், வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். சில்லின் உழைப்பு 100 சதவீதம் என்று காட்டியது. அதே திரையில் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ் என்றும் காட்டியது. இந்தச் சில்லின் அடிப்படை வேகமே 1.6, தேவைப்படும்போது 3.4 வரை தாவக்கூடியது. பாதி வேகத்தில் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அது முதுமையன்று, மூச்சுத் திணறல். டாஸ்க் மேனேஜர் சில்லின் வெப்பநிலையைக் காட்டாது என்பதால் அதற்கென ஓர் இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். வேலையின்றிச் சும்மா இருக்கும்போதே 71 டிகிரி. நான்கு விரிதாள்களையும் உலாவியையும் திறந்தால் 98.

முதலில் வெப்பம் உண்டாகும் பக்கத்தைப் பார்ப்போம். இயங்குதளம் மாறிய பின் கணினிக்குள் நடப்பது, வீடு மாறிய பின் நாம் சாமான்களை அடுக்குவதைப் போன்றது. எல்லாக் கோப்புகளையும் மறுபடி படித்துத் தேடலுக்கான அட்டவணையை அது புதிதாகத் தயாரிக்கிறது. வைரஸ் தடுப்பான் ஒவ்வொன்றையும் சோதிக்கிறது. பின்னணியில் அடுத்தடுத்த திருத்தங்கள் இறங்குகின்றன. சாதாரணமாக ஓரிரு நாள்களில் இந்த வேலைகள் ஓய்ந்துவிடும். மின்னிணைப்பில் வைத்து ஓர் இரவு முழுவதும் விட்டுவிட்டால் பெரும்பகுதி முடிந்துவிடும். இந்தப் பெண்ணோ சிக்கனம் கருதி, வேலை முடிந்ததும் அணைத்து வைப்பவர். பின்னர் அதுவே தானாக அணையவும் தொடங்கியது. வேகம் குறைந்த பழைய ஹார்டு டிஸ்க் வேறு. ஆகவே, இரண்டு நாளில் முடிய வேண்டிய அடுக்கும் வேலை, ஒவ்வொரு காலையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, ஒரு மாதமாக நடந்துகொண்டே இருந்திருக்கிறது!

இன்னொன்றும் அகப்பட்டது. ஒலி அமைப்புக்காகக் கணினித் தயாரிப்பாளர் 2018-இல் நிறுவித் தந்திருந்த ஒரு சிறு உதவி நிரல், புதிய இயங்குதளத்தில் தன் இணையைக் காணாமல் இடைவிடாது தேடிக்கொண்டிருந்தது. சில்லின் உழைப்பில் நான்கில் ஒரு பங்கை அது ஒன்றே விழுங்கியது. அதை நீக்கியதால் ஒலியில் எந்தக் குறையும் வரவில்லை. கடைக்குப் போகும் முன் யாரும் செய்யக்கூடிய சோதனை இது: டாஸ்க் மேனேஜரில் சில்லின் உழைப்பைக் காட்டும் பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் விழுங்குவது முதலில் வந்து நிற்கும். ஐந்து நிமிடம் கவனித்தால் போதும்.

மூன்றாவது காரணம் சற்று நுட்பமானது. மடிக்கணினியின் மின்விசிறி எப்போது, எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் எழுதிய அடிப்படை மென்பொருளும், டிரைவர் எனப்படும் இயக்கிகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இயங்குதளம் மாறும்போது இவற்றில் சில விடுபடலாம். அல்லது அவற்றின் இடத்தில் பொதுவான இயக்கி ஒன்று வந்து அமரலாம். கணினி ஓடும், ஆனால், விசிறி தாமதமாக விழித்துக்கொள்ளும். தயாரிப்பாளரின் இணையப் பக்கத்துக்குச் சென்று, கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணை இட்டு, பயோஸ் திருத்தத்தையும், மின்சக்தி - வெப்ப மேலாண்மை இயக்கிகளையும் நிறுவ வேண்டும். பயோஸ் திருத்தம் பாதியில் நின்றால் கணினியே திறக்காமல் போகலாம். ஆகையால், மின்னிணைப்பு உறுதியாக இருக்கும்போது மட்டுமே அதில் கைவைக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அணைந்துபோகும் கணினியில் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தேன்.

அன்றைய தேவை இருபதாம் தேதியைக் கடப்பது. அதற்கு ஓர் ஊன்றுகோல் கொடுத்தேன். கண்ட்ரோல் பேனலின் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில், சில்லின் உச்ச நிலை 100 சதவீதம் என்றிருப்பதை 99 என்று மாற்றினால் போதும். அடிப்படை வேகத்துக்கு மேல் தாவும் பழக்கத்தை அது விட்டுவிடும். சில கணினிகளில் இந்த அமைப்பு மறைக்கப்பட்டிருக்கும், இதில் இருந்தது. ஒரே ஒரு சதவீதத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். சில்லு செலவிடும் மின்திறன் அதன் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் கூடுகிறது. வேகமாகத் தாவுவதற்குச் சில்லு மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கிறது. எனவே, இருமடங்கு வேகத்துக்கு இருமடங்கைவிடப் பன்மடங்கு வெப்பத்தை விலையாகத் தருகிறோம். தாவாமல் நடந்தால் வெப்பம் சட்டென்று இறங்கும். வரிக் கணக்கு எழுத 1.6 கிகாஹெர்ட்ஸ் தாராளம்.

கூடவே, கணினியின் பின்பக்கத்தை இரண்டு புத்தகங்களின் மேல் தூக்கிவைத்து, மேசை விசிறியைத் திருப்பி வைத்தோம். அடிப்பகுதியில்தான் காற்றை உள்ளிழுக்கும் துளைகள் இருக்கின்றன. மெத்தைமீதும் மடியில் தலையணையின்மீதும் வைத்து வேலை செய்வோர் அந்தத் துளைகளை அடைத்துவிடுகிறார்கள். மடியில் வைக்கக் கூடாத மடிக்கணினி என்பது வேடிக்கைதான். என்ன செய்வது, பெயர் வைத்தவர்கள் இயற்பியல் ஆசிரியரைக் கேட்கவில்லை.

அந்த ஊன்றுகோலோடு பத்தொன்பதாம் தேதி முழுவதும், இருபதாம் தேதி மாலை வரையிலும் கணினி அணையாமல் ஓடியது. அத்தனை கணக்குகளும் உரிய நேரத்தில் தாக்கலாயின. ஆனாலும் வேலைக்கு நடுவே 90 டிகிரிக்குக் கீழே அது இறங்கவேயில்லை. தாவாமல் நடக்கும் சில்லு இவ்வளவு சூடாக நியாயமில்லை. அப்படியானால், உண்டாகும் வெப்பம் வெளியேறவில்லை என்று பொருள்.

மடிக்கணினியில் வெப்பம் வெளியேறும் வழி அழகானது. சில்லின்மேல் ஒரு செம்புத் தகடு. அதிலிருந்து கிளம்பும் தட்டையான செம்புக் குழாய், விசிறியின் வாயிலில் இருக்கும் மெல்லிய உலோகச் சிறகுகள் வரை செல்கிறது. அந்தக் குழாய் திண்மமானது அன்று. உள்ளே காற்று நீக்கப்பட்டு, மிகச் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகி மறுமுனைக்குப் பாய்ந்து, அங்கே குளிர்ந்து நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலத்தின் வழியே, அகல் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், மீண்டும் சூடான முனைக்குத் திரும்புகிறது. இயந்திரப் பகுதி எதுவுமின்றி ஆண்டுக்கணக்கில் நடக்கும் சுழற்சி இது. சிறகுகளை அடைந்த வெப்பத்தை விசிறி வெளியே தள்ள வேண்டும். இந்தச் சங்கிலியின் ஏதாவதொரு கண்ணி தளர்ந்திருக்க வேண்டும்.

இருபத்தோராம் தேதி காலை அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கணினியைத் திறந்தேன். உத்தரவாதக் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. அதற்கு முன் அவருடைய கோப்புகள் அனைத்தையும் வேறொரு சேமிப்பகத்தில் படியெடுத்துக் கொண்டோம். அடிமூடியின் பதினொரு திருகாணிகளை, அவை இருந்த இடத்தைத் தாளில் வரைந்து, அந்தந்த இடத்தில் ஒட்டிவைத்தோம். எல்லாம் ஒரே நீளம் இல்லை. மூடியைக் கழற்றியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, மின்கலத்தின் இணைப்பை விடுவிப்பது. மின்கலம் உப்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தட்டச்சுப் பலகை மேலெழும்பியிருந்தாலோ, சுட்டிப் பலகை சொடுக்க முடியாமல் இறுகியிருந்தாலோ, அது உப்பிய மின்கலத்தின் அடையாளமாக இருக்கலாம். அப்படியிருந்தால் மின்னேற்றுவதை அத்துடன் நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். குத்தவோ நெம்பவோ கூடாது. லித்தியம் மின்கலம் தீப்பற்றக் கூடியது. நல்லவேளையாக இதில் மின்கலம் தட்டையாகவே இருந்தது.

விசிறியைக் கழற்றினேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஓரிடம், விசிறிக்கும் சிறகுகளுக்கும் நடுவே இருக்கிறது. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை நின்றது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது, கம்பளித் துணியைக் கத்தரித்து வைத்ததுபோல் ஒரே துண்டாக வந்தது. பஞ்சுத் துகள். அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தையல் பட்டறை நடக்கிறது. பனியன் துணியை வெட்டும்போதும் தைக்கும்போதும் பறக்கும் நுண்ணிழைகள் படியேறி, ஏழாண்டுகளாக அந்தச் சிறிய விசிறியின் மூச்சோடு உள்ளே போய்ச் சேர்ந்திருக்கின்றன. மற்ற ஊர்களில் இந்த இடத்தில் தூசியும் முடியும் சேரும். திருப்பூரில் துணியே நெய்யப்பட்டிருந்தது. "எங்க தறி ஓடியிருக்குதுங்க சார்" என்று அந்தப் பெண் சிரித்தார்.

இந்த இடத்தில் என் பழைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் கணினியில் இந்தத் தூசியை அகற்ற, வீட்டில் இருந்த காற்றூதியை அப்படியே நீட்டினேன். விசிறி விமான இறக்கையைப் போல் கிறீச்சிட்டுச் சுழன்றது. அதோடு அதன் அச்சு கெட்டுப்போய், அன்றுமுதல் உறுமத் தொடங்கியது. காற்று ஊதுவதானால் விசிறியின் இதழ்களை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மென்மையான தூரிகை அதைவிடப் பாதுகாப்பானது.

அடுத்து, சில்லின்மேல் இருந்த செம்புத் தகட்டைத் தூக்கினேன். தகட்டுக்கும் சில்லுக்கும் நடுவே பூசப்பட்டிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து, வெடித்த வண்டல்போல் உதிர்ந்தது. கண்ணுக்கு மழமழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும், அவை உண்மையில் சில மேடுகளில்தான் தொட்டுக்கொள்கின்றன. எஞ்சிய பள்ளங்களில் நிற்பது காற்று. செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறனில் சுமார் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்கு உண்டு. அந்தப் பள்ளங்களை நிரப்புவதே பசையின் வேலை. பசையும் செம்புக்கு ஈடாகாது. ஆனால், காற்றுக்குப் பன்மடங்கு மேல். ஆகவே, மெல்லியதாகப் பூசுவதே முறை. அதிகம் அப்பினால் நல்லது என்று எண்ணுவது, தலைவலித் தைலத்துக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுத்து, அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாகப் புதிய பசையை வைத்து, தகட்டின் திருகாணிகளை அதில் பொறித்திருந்த எண் வரிசைப்படி சிறிது சிறிதாக முடுக்கினேன். மொத்த வேலை ஒன்றரை மணி நேரம். செலவு ஐந்நூறு ரூபாய்க்குள்.

அன்று பிற்பகலில் பயோஸையும் இயக்கிகளையும் புதுப்பித்தோம். இரவு முழுவதும் மின்னிணைப்பிலேயே விட்டு, அடுக்கும் வேலையை முடிக்கவைத்தோம். 99 என்ற ஊன்றுகோலையும் எடுத்துவிட்டு மறுநாள் அளந்தேன். சும்மா இருக்கும்போது 44 டிகிரி. பழையபடி நான்கு விரிதாள்களும் உலாவியும் திறந்திருக்கையில் 63. வேண்டுமென்றே முழு உழைப்பு கொடுத்துச் சோதித்தபோது 78. தாங்காது என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட கணினியில் அதே இயங்குதளம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இயங்குதள மாற்றம் இந்த நோயை உண்டாக்கவில்லை. ஏழாண்டுகளாகச் சேர்ந்துவந்த பஞ்சும் காய்ந்த பசையும் முன்பே அங்கே இருந்தன. பழைய இயங்குதளத்தின் வழக்கமான வேலைகளைத் தாங்கும் அளவுக்கு மட்டும் மூச்சு மிச்சமிருந்தது. ஒரு மாதம் நீண்ட கூடுதல் உழைப்பு அந்த மிச்சத்தையும் தின்றுவிட்டது. திருமண வேலையில் ஓடியாடியவர் மயங்கி விழுந்த பிறகு மருத்துவரிடம் போனால், இரத்தச் சோகை நெடுநாளாக இருந்தது தெரியவருமே, அப்படி. மாற்றத்துக்கு மறுநாள் தொடங்கிய கோளாறு மாற்றத்தால் வந்தது என்று நினைப்பது மனித இயல்பு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

கடைக்காரரை நான் குற்றம் சொல்லப் போவதில்லை. ஒன்றரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்து பஞ்சை அகற்றினால் அவருக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். அதற்குள் ஒரு திருகாணி தொலைந்தால் பழி அவர்மேல். புதிய கணினி ஒன்றை விற்பதற்குப் பத்து நிமிடம் போதும். எல்லாக் கணக்கும் விற்பனைக்குச் சாதகமாக இருக்கும் சந்தையில் பழுதுபார்ப்பவர் மட்டும் தியாகியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. மாற வேண்டியது அந்தக் கணக்கு.

உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது என்றும், அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குச் சென்றது என்றும் ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்துகின்றன. நல்லதுதான். ஆனால், அந்தப் பொறுப்பு தொடங்குவது பொருள் கழிவான பிறகு. கழிவாகாமல் காப்பது பழுதுபார்த்தல். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ஆம் நாள், பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசியும் மின்னணுப் பொருள்களும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளின் தயாரிப்பாளர்கள் பழுதுபார்ப்புத் தகவல்களை ஓரிடத்தில் தர வேண்டும் என்பது அதன் நோக்கம். இணையதளம் இருப்பது வேறு. கட்டாயம் இருப்பது வேறு.

ஒவ்வொரு மாதிரிக்கும் அடிமூடியைக் கழற்றும் முறை, திருகாணிகளின் இடம், மின்கல இணைப்பை விடுவிக்கும் விதம் ஆகியவற்றைப் படத்துடன் விளக்கும் கையேட்டைத் தயாரிப்பாளர் பொதுவில் வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். சில நிறுவனங்கள் இன்றைக்கும் அப்படி வைக்கின்றன. அதனால் அவற்றின் வணிகம் படுத்துவிடவில்லை. இந்தக் கணினிக்கு அத்தகைய கையேடு கிடைத்தது என் அதிர்ஷ்டம். மூடியை ஒட்டுப்பசையால் மூடி, விசிறியை எட்டவே முடியாதபடி அமைத்துவிட்டுச் சுற்றுச்சூழலைப் பற்றி விளம்பரம் செய்வதை நாம் கேள்வி கேட்க வேண்டும். நம் ஊர்த் தூசியும் கோடையும் குளிர்நாடுகளின் ஆய்வகத்தில் இல்லை. அறையின் வெப்பநிலை 22-லிருந்து 37-ஆகக் கூடினால், அந்தப் பதினைந்து டிகிரியும் ஏறத்தாழ அப்படியே சில்லின் கணக்கில் ஏறும். நவம்பரில் 78 காட்டிய இதே கணினி மே மாதத்தில் என்ன காட்டும் என்பதை வாசகர் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

தகுதி கிடைக்காமல் வாயிலில் நிறுத்தப்பட்ட இன்னும் பழைய கணினிகளின் நிலை என்ன? தனிப்பட்ட பயனாளர்களுக்கு விண்டோஸ் 10-இன் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதன் பிறகும் அந்தக் கணினிகள் குப்பைக்குப் போகத் தேவையில்லை. லினக்ஸ் வகை இயங்குதளங்கள் பல, பழைய கணினிகளில் நன்றாகவே ஓடுகின்றன. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குவது. வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் அதில் ஓடுமா என்று முதலில் பார்த்துவிட்டு மாறுவது நல்லது. எதில் ஏறினாலும், ஏறுவதற்கு முன் ஒரு முறை விசிறியைச் சுத்தம் செய்துவிடுங்கள். நாங்கள் செய்த வரிசை தலைகீழானது. அதற்கான விலையைத்தான் அந்த நவம்பர் மாதத்தில் அந்தப் பெண் கொடுத்தார்.

சிறகுகளிலிருந்து எடுத்த அந்தப் பஞ்சுப் பட்டையை நான் எறியவில்லை. ஒரு கடித உறையில் போட்டு மேசையில் வைத்திருந்தேன். டிசம்பர் மாதக் கணக்கை முடித்துவிட்டு வந்த அந்தப் பெண் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கீழ்த்தளப் பட்டறைக்காரரிடம் காட்டப் போகிறாராம். அங்கே பில் போடும் கணினி, வெட்டு மேசைக்கு நேர் கீழே, தரையில் இருக்கிறதாம். இரண்டு மாதமாக அதுவும் உறுமுகிறதாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பார்ப்பதாக ஏற்பாடு. இம்முறை திருப்புளி அவர் கையில் இருக்கும்; நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.